கிட்டங்கியில் மூன்று வருடம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்கே, திருமயத்தையும் பொன்னமராவதியையும் சுற்றி, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. ராயவரம், ராமச்சந்திரபுரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை, ராங்கியம், மேலைச்சிவபுரி, வேந்தன்பட்டி என்று பட்டியல் நீளும். செட்டிநாடு என்றதும் காரைக்குடியும் கானாடுகாத்தானும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் செட்டிநாட்டின் வடபகுதி தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்தது. சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைந்தபின், அந்த ஊர்கள் திருச்சி மாவட்டத்துக்குப் போய், 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தன.

செம்மண் பூமி. கண்மாய் நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வாசல் முடியும் நீளத்துக்கு வீடுகள் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு கடல் தாண்டி வந்தது. அதைச் சம்பாதித்தவர்கள் வாழ்நாளில் பாதியை அந்நிய ஊரில், அந்நியர் நடுவே, ஒரு மரப்பெட்டிக்கும் பாய்க்கும் இடையில் கழித்தார்கள். சம்பாத்தியத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அங்கே என்ன சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள், பக்கத்து வீட்டுப் பர்மியரோடு என்ன பேசினார்கள் என்பது அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

இலங்கை, மலேயா, சுமத்ரா, சைகோன் என்று பல திசைகளிலும் போனார்கள். அதிகம் பேர் போனது பர்மாவுக்கு. 1826-ல் முடிந்த முதல் பர்மியப் போரில் அரக்கானும் தெனாசரிமும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1852-ல் ரங்கூனும் கீழ்ப் பர்மாவும். 1885-ல் மிச்சமிருந்த முழு நாடும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு வெளிச் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்புக் காடுகளைத் திருத்தி வயலாக்க விவசாயிகள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு மாடு வாங்க, விதை வாங்க, நடவுக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் குடியானவனை வாசலோடு திருப்பி அனுப்பின. பணம் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1929-30-ல் பர்மா அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய தொகை சுமார் 75 கோடி ரூபாய்.

கப்பலுக்கு முன்

கடல் கடந்து தொழிலுக்குப் போவதை நகரத்தார் ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள். போகிறவர் எல்லோரும் முதலாளி இல்லை. முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்தப் போகும் ஏஜெண்டுதான் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன், கூடவே ஒரு சமையலாள். இவர்கள் ஊரிலிருந்தே பேசி அமர்த்தப்பட்டவர்கள். பெரும்பாலும் உறவு, அல்லது பக்கத்து ஊர். சம்பளச் சீட்டில் மூன்று வருடத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக எழுதுவது வழக்கம். அதில் ஒரு பகுதியை முன்பணமாக வீட்டில் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருடம் முடிந்தால் ஊர் திரும்பலாம். ஓராண்டோ இரண்டாண்டோ இருந்துவிட்டு மறுபடி புறப்படலாம். கல்யாணம், வீடு கட்டுவது, பிள்ளைப்பேறு எல்லாம் இந்த மூன்று வருடத் தவணைக்குத் தக்கபடிதான் நடந்தன.

பயணத்துக்கு நாள் பார்ப்பார்கள். கோயிலுக்குப் போய் வந்து, பங்காளி வீடுகளிலும் தாயபிள்ளைகளிடமும் பயணம் சொல்லிக்கொள்வார்கள். பலகாரங்கள் டின்களில் நிறையும்: சீடை, முறுக்கு, அதிரசம், மாவுருண்டை. வற்றலும் ஊறுகாயும் தனி மூட்டை. ரங்கூனில் எதுவும் கிடைக்காது என்பதற்காக இவ்வளவும் போகவில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் அண்ணன், மாமன், மச்சான் ஒவ்வொருவருக்கும் ஊர்ப் பண்டம் கொண்டுபோக வேண்டிய கடமை புறப்படுகிறவர் தலையில் விழும்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-லும், அங்கிருந்து மானாமதுரைக்கு 1930-லும்தான் ரயில் வந்தது. அதுவரை மாட்டு வண்டியில் திருச்சிக்குப் போய் ரயில் பிடித்தார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் இருந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலை இந்த மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் பேர் சொல்லிப் பேசுவார்கள். ரங்கூனுக்குப் போகிறவர்கள் சென்னையில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பலில் ஏறினார்கள். மூன்று நான்கு நாள் பயணம். வசதி உள்ளவருக்கு அறை. பையன்களுக்கும் சமையலாட்களுக்கும் டெக். மேல்தளத்தில் பாய் விரித்து, தலைமாட்டில் டிரங்குப் பெட்டியை வைத்து, கடல் கொந்தளித்தால் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்து போய்ச் சேர வேண்டும். கடல் நீரின் நீலம் மாறிச் சேற்று நிறம் தெரிந்தால் ஆற்றுமுகம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் கப்பல் ஆற்றுக்குள் மேலேறும். ஷ்வேடகோன் பகோடாவின் பொன்கூம்பு வெகு தொலைவிலேயே கண்ணில் படும்.

ஒரு பெட்டி, ஒரு பாய்

ரங்கூனில் செட்டியார் தொழிலின் மையம் மொகல் தெரு. இன்றைக்கு அதன் பெயர் ஷ்வேபோந்தா தெரு. அங்கேதான் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட, ஒடுங்கிய, தடுப்புச் சுவர் இல்லாத ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகச் சாய்ந்த மூடியுள்ள மரப்பெட்டிகள். ஒரு பெட்டி ஒரு கடை. பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்கிறவராக இருப்பார். அவருக்கு உரிய தரை ஒரு பாயின் அகலம். முதுகுக்குப் பின்னால் ஓர் அலமாரி. பெட்டியைத் தாண்டி நாற்காலி மேசைக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. பெட்டிக்குள் பேரேடு, ரொக்கக் குறிப்பு, கடன் சீட்டுகள், எழுதுகோல், திருநீற்றுப் பை. இரவானால் அதே இடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே கூரையின் கீழ் இருந்த பல கடைகளுக்கும் குளிக்கும் இடமும் சமையல்கட்டும் பொது. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்கின் பினாங்குத் தெருவிலும் இதே அமைப்புத்தான். ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆள் பெயரைவிட விலாசம்தான் கடைக்கு முக்கியம். தாத்தா, தகப்பன், மகன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த நாலைந்து எழுத்துதான் விலாசம். ஊரில் வீட்டுக்கும் அதே விலாசம், பேரேட்டிலும் அதே, ரங்கூன் வங்கியிலும் அதே. கையெழுத்துப் போட்டவர் எந்த வருடம் யார் என்பதை ஏஜெண்டின் முறை பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விடியுமுன் எழுந்து, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தால் இரவில் கணக்கு நேராகும் வரை வேலை. நாள் முடிவில் ரொக்கம் குறிப்போடு ஒத்துப்போக வேண்டும். காலணா உதைத்தாலும் உட்கார்ந்து தேடுவார்கள். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினார்கள். ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பும்போது, அங்கே முதலாளி தன் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படிப்பார். பர்மாவில் எந்த ஊரில் எந்தக் குடியானவன் எத்தனை மாதம் பாக்கி என்பது ராயவரத்தில் தெரியும்.

தொழில் விஷயமும் கோயில் விஷயமும் ஒரே இடத்தில் முடிவாயின. கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான ‘நடப்பு வட்டி’யை மொகல் தெருக் கோயிலில் கூடி மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயித்தார்கள். இதற்கு எழுதிய சட்டம் இல்லை. கூடியவர்கள் சொன்னதே சட்டம். முறை தவறியவருக்கு அடுத்த நாள் கடன் கிடைக்காது, அவ்வளவுதான். கோயிலுக்கு மகமை கட்டுவதும் கணக்கிலேயே ஒரு தலைப்பு. கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் கழித்து வரும் பிள்ளையார் நோன்பை எந்தக் கிட்டங்கியும் விட்டதில்லை. இருபத்தொரு நூலிழையைத் திரித்து, மாவில் பதித்து, நெய்யில் ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் அந்தச் சடங்கு இன்றும் நகரத்தார் இருக்கும் நாடுகளிலெல்லாம் நடக்கிறது.

பெட்டியடிப் பையன்தான் இந்த உலகத்தின் கடைக்கோடி. பத்துப் பன்னிரண்டு வயதில் ஊரை விட்டு வந்திருப்பான். முதலில் எழுந்து கூடத்தைப் பெருக்கி, தண்ணீர் எடுத்து வைத்து, பெரியவர்களுக்கு வெற்றிலை வாங்கி வந்து, கடிதங்களைத் தபாலில் போட்டு, வங்கிக்கு ஓடி, இடையில் வட்டிக் கணக்கையும் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம், கணக்குப் பாடம், தொழில் பயிற்சி எல்லாமே அந்தப் பெட்டிதான்.

அப்படிப் போன பையன்களில் ஒருவர் மேலைச்சிவபுரியில் 1917-ல் பிறந்த மாணிக்கம். தாய் தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர். பதினோரு வயதில் ரங்கூனுக்கு வந்து ஒரு வட்டிக்கடையில் சேர்ந்தார். கடைக்குள் இருந்த முதலாளியை ‘இல்லை’ என்று சொல்லச் சொன்னபோது பையன் மறுத்துவிட்டான், வேலை போயிற்று என்று அவரைப் பற்றி எழுதிய பலரும் குறிப்பிடுகிறார்கள். ஊர் திரும்பியவரைத் தமிழறிஞர் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் தமிழ்ப் பக்கம் திருப்பினார். அந்தப் பையன்தான் பிறகு வ.சுப.மாணிக்கம், 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ரங்கூன் ஒரு நல்ல கணக்கப்பிள்ளையை இழந்தது என்று தமிழ் படிப்பவர்கள் யாரும் வருந்தமாட்டார்கள்.

இலையில் என்ன விழுந்தது

சமையலாளை ஊரிலிருந்தே கூட்டிப்போனதற்குக் காரணம் சுவை மட்டும் இல்லை. யார் கையால் சாப்பிடுவது என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் கிடையாது. கிட்டங்கிச் சமையல்கட்டில் பந்தி முறைப்படி இலை போட்டு, சோறு, பருப்பு, குழம்பு, ரசம், மோர் என்று ஊர் வரிசை மாறாமல் பரிமாறினார்கள். புளி, மிளகாய், பெருங்காயம், அப்பளம் எல்லாம் கப்பலில் வந்துகொண்டே இருந்தன. பற்றாக்குறைக்கு ரங்கூன் சந்தை இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூன் நகரவாசிகள் சுமார் 4 லட்சம் பேர். அவர்களில் 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கு மேல் இந்தியர்கள், அதாவது பாதிக்கும் அதிகம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடி அலைய வேண்டிய ஊர் இல்லை அது. தமிழ்ப் பத்திரிகையும் அங்கேயே அச்சாயிற்று. பயணக் கட்டுரைக்குப் பேர்போன கோட்டையூர் ஏ.கே.செட்டியார் இளம் வயதில் ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். வெ.சாமிநாத சர்மாவின் ‘ஜோதி’யும் அந்த ஊரில்தான் வந்தது.

கழிமுகத்து ஊர்களுக்கு மாற்றலாகிப் போனவர்கள் நிலை வேறு. பியாப்பொன், பசீன், மௌங்மியா மாதிரி ஊர்களில் ஒன்றிரண்டு கடைகள்தான். சுற்றிலும் வாய்க்கால், படகு, வயல், பர்மியக் குடிசைகள். காலையில் தெருவில் கூடையோடு வரும் பெண்கள் மொஹிங்கா விற்பார்கள். பர்மியரின் காலைச் சாப்பாடு அது. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் அந்தக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் அறிமுகமில்லாத பொருள் அதிகம் இருக்காது: இடியாப்பம் போன்ற அரிசி நூல், வாழைத்தண்டு, கடலைமாவு, வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மீன். மேலே நொறுக்கிப் போடும் பருப்பு வடை. பண்டங்கள் எல்லாம் நம்முடையவை, சேர்த்த விதம்தான் வேறு. இடியாப்பத்தை மீன் குழம்புச் சாற்றில் மிதக்க விடுவதும், அதற்குள் வாழைத்தண்டு போடுவதும் செட்டிநாட்டில் யாருக்கும் தோன்றாது. மீனை உப்பிட்டுப் புளிக்க வைத்து அரைத்த ஙப்பி இன்னொரு சோதனை. கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களையும் அதன் வாடை விரட்டும். ஊறவைத்த தேயிலையை எண்ணெயும் வறுத்த பயறும் சேர்த்துத் தின்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனாலும் நாக்குக்கு வேலி போட முடியாது. பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்து நிலைத்த பண்டங்களில் முதல் இடம் கவுனி அரிசிக்கு. கறுப்பும் சிவப்புமான, வேகவைத்தால் ஒட்டிக்கொள்ளும் அரிசி. ராத்திரி முழுவதும் ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவிட்டு, சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய் சேர்த்துக் கிளறினால் கத்தரிப்பூ நிறத்தில் வரும். பர்மியரும் இதைத் தேங்காயோடு காலையில் தின்பவர்கள்தான். இங்கே அது கல்யாணப் பந்தியில் ஏறிவிட்டது. இன்றைக்கு நகரத்தார் திருமண விருந்தில் கவுனி இல்லாவிட்டால் குறையாகச் சொல்வார்கள். பர்மாவின் பெயரை அந்தப் பந்தியில் யாரும் எடுப்பதில்லை. கிழக்கே போய் வந்த சமையலில் அன்னாசிப்பூவும் தங்கிவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டி மிளகாய்த் தூளை அள்ளிக் கொட்டும் ஓட்டல்களில் இந்தச் சரித்திரத்தைத் தேட வேண்டாம். வெள்ளைப் பணியாரம், கும்மாயம், வெண்டைக்காய் மண்டி என்று வீட்டுச் சமையல் வேறு தினுசு.

இதில் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. ஐராவதிக் கழிமுகத்தில் விளைந்த நெல்லைப் புழுக்கி அரைத்து, ‘ரங்கூன் அரிசி’ என்று தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். கண்மாய் காய்ந்த வருடங்களில் இங்கே கூலிக்காரர் வீட்டு உலையில் கொதித்தது அதுதான். பர்மியக் குடியானவனுக்கு நடவுக் கடன் கொடுத்த பணமும், அவன் வயலில் விளைந்த அரிசியும் ஒரே துறைமுகம் வழியாகத்தான் போய் வந்தன.

பர்மியர் நடுவே

பர்மியரோடு பழக்கம் பெரும்பாலும் பெட்டிக்கு முன்னால் தொடங்கிப் பெட்டிக்கு முன்னாலேயே முடிந்தது. நடவுக்கு முன் கடன் கேட்டு வருவார்கள். அறுவடை முடிந்து தை, மாசியில் கட்ட வருவார்கள். ஏஜெண்டுகள் பர்மிய மொழியைப் புத்தகம் இல்லாமல் காதால் கேட்டே கற்றுச் சரளமாகப் பேசினார்கள். உடை மட்டும் மாறவில்லை. லுங்கியும் தலைப்பாகையும் கட்டிய கூட்டத்தில் வெள்ளை வேட்டியும் மழித்த தலையும் திருநீறுமாகத் தனியாகத் தெரிந்தார்கள். ஏப்ரல் நடுவில் பர்மியப் புத்தாண்டான திஞ்யான் வரும். தெருவில் போகிற வருகிறவர் மேலெல்லாம் தண்ணீரை வீசி இறைப்பார்கள். சித்திரை முதல் தேதியும் அதே சமயம் என்பதால் கடைக்கும் விடுமுறை. கிட்டங்கிக்குள் சித்திரைப் பூஜை, வெளியே தண்ணீர்க் கொண்டாட்டம். கதவைத் திறந்து வெளியே வந்தவர்களும் இருந்தார்கள். சிலருக்கு அங்கே பர்மியக் குடும்பம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். ஊரில் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

ஊர் வாழ்க்கையை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் வைத்துக்கொண்டது செட்டியார்களுக்குத் தெம்பு கொடுத்தது. அதுவே அவர்களை அந்த நாட்டுக்கு அந்நியராகவும் வைத்தது. தொழில் நன்றாக ஓடிய வரை இது யாரையும் உறுத்தவில்லை. 1930-ல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட வழியில்லாத விவசாயி அடமானம் வைத்த நிலத்தை விட்டுக்கொடுத்தார். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு செட்டியார் வசம் இருந்தது. 1937-ல் 25 விழுக்காடு. வட்டிக்கு விட்டவருக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை. உழ அவருக்குத் தெரியாது, விற்றால் வாங்க ஆளும் இல்லை. பர்மியர் கண்ணில் பட்டது அந்தச் சங்கடம் இல்லை. தன் வயல் வெளிநாட்டான் பேரேட்டில் ஏறிவிட்டது என்பதுதான். பணம் கொடுத்த காலத்தில் உதவியாகத் தெரிந்த கை, நிலத்தை எடுத்த காலத்தில் வேறாகத் தெரிந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் மீது தாக்குதல். அதே ஆண்டு டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சியின் கீழேயே தனியாகப் பிரிப்பு. 1938-ல் மறுபடி கலவரம். கிட்டங்கிக்குள் இருந்தவர்கள் இதையெல்லாம் மீறித் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

ஊரில் ஆச்சி

கப்பலேறியவர்கள் ஆண்கள், குடும்பத்தை உடன் அழைத்துப் போனவர்கள் குறைவு. கல்யாணமாகிச் சில மாதங்களில் புறப்பட்டவர், முதல் பிள்ளையை அது நடந்து வந்து முன்னால் நிற்கும் வயதில்தான் பார்ப்பார். அந்த இடைவெளியில் வீட்டை நடத்தியது ஆச்சி. நிலக் குத்தகை, வேலையாட்கள், கோயில் காரியம், மொய் வரவு செலவு, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் கொத்தனார் கூலி வரை அவர் பொறுப்பு. வருகிற பணத்துக்கும் போகிற பணத்துக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. செட்டிநாட்டுப் பெண்களின் சிக்கனம் பற்றி ஊரில் பல கேலிக் கதைகள் உலவும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை முகம் காட்டும் சம்பாத்தியத்தை வைத்துக் குடும்பம் நடத்திப் பார்த்தவர்கள் அந்தக் கேலியில் சேர மாட்டார்கள்.

திரும்பி வந்தவர்களோடு பர்மா மூட்டையாக வந்தது. தேக்குத் தடிகள் கப்பலில் வந்து இறங்கி, வீட்டு முகப்பில் தூண்களாக நின்றன. ஒரே மரத்தில் கடைந்த அந்தத் தூண்களைக் கைகோத்துக் கட்டிப்பிடித்துப் பார்க்காத சிறுபிள்ளை அந்த ஊர்களில் இருக்க முடியாது. தரைக்கு இத்தாலியப் பளிங்கு, சுவருக்குப் பெல்ஜியம் கண்ணாடி, பந்திக் கட்டுக்கு ஆத்தங்குடிக் கல். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் வரிசையில் பர்மிய அரக்குச் சிமிழ்களும், ஜப்பான், சுவீடன் எனாமல் தூக்குச் சட்டிகளும் அடுக்கப்பட்டன. பளிங்கு வந்த இத்தாலியை யாரும் பார்த்ததில்லை. தேக்கு வந்த நாட்டில் வாழ்நாளில் பாதி இருந்தவர்கள், அங்கே வாழ்ந்தது ஒரு பாயின் அகலத்தில். அத்தனை நெருக்கடியில் இருந்தவர்கள் ஊரில் எதற்கு இவ்வளவு பெரிய வீடு கட்டினார்கள் என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பாயைத் தவிர வேறு விளக்கம் தேவைப்படாது.

நடந்து வந்தவர்கள்

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள், நான்கு லட்சத்துக்கும் குறையாத இந்தியர்கள், அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலரா, மலேரியா, பட்டினியில் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். வெ.சாமிநாத சர்மா இந்த நடையை ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்ற பெயரில் எழுதிவைத்தார். கணக்குப் புத்தகத்தையும் நிலப் பத்திரத்தையும் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வந்த ஏஜெண்டுகள் உண்டு. போர் முடிந்தால் திரும்பிப் போய் வசூலிக்கலாம் என்று நம்பினார்கள். அந்த வருடமே ரங்கூன் அரிசி வரவும் நின்றது. தமிழ்நாட்டில் ரேஷனும் பஞ்சமும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1948-ல் விடுதலை பெற்ற பர்மா அதே ஆண்டு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. பத்திரங்கள் செல்லாக் காகிதம் ஆயின. உருப்படியான இழப்பீடு எதுவும் வரவில்லை. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டாண்டில் கடைகள், வங்கிகள் எல்லாம் அரசுடைமை. 1964 முதல் கப்பல் கப்பலாக மக்கள் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். இம்முறை வந்தவர்களில் செட்டியார்கள் சிறுபான்மை. அதிகம் வந்தவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த சிறு வியாபாரிகளும் கூலிக்காரர்களும். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜாரில் கடை போட்டவர்கள் அவர்கள். அத்தோ, மொஹிங்கா, பேஜோ என்ற பர்மியப் பண்டங்கள் எல்லாம் பாரிமுனை நடைபாதைக்கு வந்தது அவர்கள் கையால். கிட்டங்கிக்காரர்கள் எட்டி நின்று பார்த்த கிண்ணத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றன. ராமச்சந்திரபுரத்தின் சிதம்பர விலாஸ் பாரம்பரிய விடுதியாகிவிட்டது. வெளிநாட்டுப் பயணிகள் அங்கே இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். எல்லா வீட்டுக்கும் அந்த யோகம் இல்லை. பங்காளிகள் பத்து ஊர்களில் சிதறிப்போக, பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. சில இடிக்கப்பட்டு, தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன.

கடல் கடந்து போவது மட்டும் நிற்கவில்லை. இதே மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் மலேயாவுக்குப் போய்ப் பழகியவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வளைகுடா. அறந்தாங்கி, ஆலங்குடி வட்டாரத்து இளைஞர்கள் சிங்கப்பூரில் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறார்கள். போகிற வழி இன்றும் திருச்சிதான். வண்டிக்குப் பதில் கார், ரயிலுக்குப் பதில் விமானம். அங்கே போய்த் தங்குவது பலர் சேர்ந்து படுக்கும் விடுதி அறையில். ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்கு வந்து, வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு, மறுபடி புறப்படுகிறார்கள். பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாயும் முறுக்கும் இருக்கின்றன; சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் அவை எல்லாம் கிடைக்கும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.